அமெரிக்காவில் கடை திறக்கும் முன்: ஃபெடரல் அரசின் வணிகத் தகவல்களைத் தேடி எடுக்கும் வழி

அமெரிக்காவில் ஓர் உணவகமோ மளிகைக் கடையோ திறக்க நினைக்கும் தமிழர்கள் முதலில் கேட்பது, "இந்த ஏரியாவில் ஓடுமா?" என்றுதான். நண்பர்கள் ஓடும் என்பார்கள். இடத்தை வாடகைக்கு விடும் தரகர் நிச்சயம் ஓடும் என்பார். சந்தை ஆய்வு செய்து தருவதாக ஒரு நிறுவனம் என்னிடம் ஆயிரக்கணக்கான டாலர் கேட்டது. அவர்கள் காட்டிய மாதிரி அறிக்கையைப் புரட்டினால், ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் சென்சஸ் பீரோ, தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் என்று ஃபெடரல் அலுவலகங்களின் பெயர்களே இருந்தன. அத்தனையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியவை.

ஆனால் அந்தத் தகவல்கள் ஒரே இடத்தில் இல்லை. ஆளுக்கு ஒன்றாகப் பல அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பல வாரம் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் நாற்பது பேர் உட்காரும் ஒரு டிபன் கடையை எடுத்துக்கொள்வோம். வேறு ஊர், வேறு தொழில் என்றாலும் வழி இதுதான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். இங்கே சொல்லும் புள்ளிவிவரங்களைப் பார்க்க விசா நிலை தடையில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தொழிலை நடத்துவது வேறு. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கடையில் ஒரு நாள் நின்று வேலை பார்ப்பதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது, ஃபெடரல் அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'டாட் கவ்' என்று முடியும். 'டாட் காம்', 'டாட் ஆர்க்', 'டாட் யுஎஸ்' என்று முடிந்து, கழுகுச் சின்னமும் நீல நிறமுமாக அரசுத் தளம் போலவே இருப்பவை ஏராளம். இலவசமாகக் கிடைப்பதற்குக் கட்டணம் வாங்குவதுதான் அவற்றின் தொழில்.

1. தொழில் குறியீட்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் தேவைப்படுவது நெய்க்ஸ் எனப்படும் ஆறு இலக்கத் தொழில் குறியீடு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் 1997 முதல் பயன்படுத்தும் வகைப்பாடு இது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். கடைசியாக வந்த பதிப்பு 2022. சென்சஸ் பீரோவின் நெய்க்ஸ் பக்கத்தில் உங்கள் தொழிலை விவரிக்கும் சொல்லைப் போட்டுத் தேடலாம்.

மேசைக்கே வந்து பரிமாறி, சாப்பிட்ட பிறகு பணம் வாங்கும் உணவகம் 722511. கவுன்டரில் முதலில் பணம் கட்டிவிட்டு வாங்கும் கடை 722513. கேட்டரிங் மட்டும் என்றால் 722320. ஃபுட் டிரக் 722330. சூப்பர் மார்க்கெட்டும் மளிகைக் கடையும் 445110. இந்திய உணவகம், தென்னிந்திய உணவகம் என்று தனி எண் கிடையாது. ஆகவே 'என் ஊரில் எத்தனை தோசைக் கடைகள்?' என்ற கேள்விக்கு எந்த அரசு அட்டவணையும் நேரடியாகப் பதில் சொல்லாது. அதைத் தெருவில் இறங்கி நீங்களேதான் எண்ண வேண்டும்.

இங்கே பலர் தடுக்கி விழுவது பதிப்பு மாற்றத்தில். 2022 பதிப்பில் சில்லறை வணிக எண்கள் நிறைய மாறிவிட்டன. பழைய ஆண்டின் அட்டவணையோடு புதிய ஆண்டை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைகள் திடீரென்று பெருகியது போலவோ மறைந்தது போலவோ தெரியும். வகைப்பாடு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் கவுன்டியின் பெயர், ஜிப் கோடு, பெருநகரப் பகுதியின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். நம் உதாரணத்தில் பெருநகரப் பகுதி டாலஸ்–ஃபோர்ட் வொர்த்–ஆர்லிங்டன். கவுன்டி என்று வரும்போது கவனம் தேவை: ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என்ற இரண்டு கவுன்டிகளிலும் விரிந்து கிடக்கிறது. காலினை மட்டும் எடுத்தால் ஊரின் ஒரு பகுதி கணக்கில் வராமல் போய்விடும். உங்கள் ஊரும் அப்படித்தானா என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

2. அந்த வட்டாரத்தில் யார் வாழ்கிறார்கள்?

இதற்குச் சென்சஸ் பீரோவின் 'டேட்டா டாட் சென்சஸ் டாட் கவ்' தளம் போதும். பழைய வழிகாட்டிகள் அமெரிக்கன் ஃபேக்ட்ஃபைண்டர் என்ற தளத்துக்குப் போகச் சொல்லும். அது 2020-லேயே மூடப்பட்டுவிட்டது.

பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பு உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே என்ற மாதிரி ஆய்வைத்தான் பார்க்க வேண்டும். அது இரண்டு வடிவங்களில் வருகிறது. ஓராண்டுத் தரவு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும். ஐந்தாண்டுத் தரவு சிற்றூர் வரை எல்லாவற்றுக்கும் உண்டு, ஆனால் அது ஐந்து ஆண்டுகளின் சராசரி நிலை. ஃபிரிஸ்கோ போல வேகமாக வளரும் ஊரில் ஐந்தாண்டுத் தரவு இன்றைய நிலையைக் குறைத்தே காட்டும். வழக்கமாக ஓராண்டுத் தரவு செப்டம்பரிலும் ஐந்தாண்டுத் தரவு டிசம்பரிலும் வெளியாகும்.

தேடுபெட்டியில் அட்டவணையின் எண்ணையே நேராகப் போடுங்கள், வேலை சுலபம். வீட்டு வருமானத்தின் நடுமதிப்புக்கு பி19013. ஆசியர்களில் இந்திய வம்சாவளியினர் எத்தனை பேர் என்பதற்கு பி02015. வீட்டில் பேசும் மொழிக்கு பி16001. இந்த அட்டவணையில் தமிழுக்கென்றே தனி வரி இருக்கிறது, தெலுங்குக்கும் இருக்கிறது. தனிநபர் விவரம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதால், மொழி அட்டவணையை மாநிலம், பெருநகரப் பகுதி போன்ற பெரிய வட்டாரங்களுக்கே விரிவாகத் தருகிறார்கள். உங்கள் தெருவில் எத்தனை தமிழ் வீடுகள் என்பது அதில் கிடைக்காது.

ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் கூட்டல்–கழித்தல் குறியோடு இன்னோர் எண் இருக்கும். அது பிழை வரம்பு. அதைக் கண்டுகொள்ளாமல் போகாதீர்கள். ஓர் அட்டவணையில் 600 என்றும் பக்கத்தில் 350 என்றும் இருந்தால், உண்மையான எண்ணிக்கை 250-லிருந்து 950-க்குள் எங்கேயும் இருக்கலாம் என்று பொருள். அதுவும் 90 சதவீத உறுதியோடுதான். இப்படிப்பட்ட ஓர் எண்ணை நம்பி பத்தாண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. வட்டாரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், பிழை வரம்பு சுருங்கும்.

3. ஏற்கெனவே எத்தனை கடைகள் இருக்கின்றன?

இந்த வேலைக்கென்றே உள்ள அட்டவணை 'கவுன்டி பிசினஸ் பேட்டர்ன்ஸ்'. ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு கவுன்டியிலும், ஒவ்வொரு நெய்க்ஸ் எண்ணிலும் எத்தனை கடைகள், எத்தனை ஊழியர்கள், மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று தருகிறது. ஜிப் கோடு அளவிலும் கடைகளின் எண்ணிக்கை கிடைக்கும். இதை வாசிக்கும்போது நான்கு விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

இது எண்ணுவது இடங்களை. ஒரே முதலாளிக்கு ஐந்து கிளைகள் இருந்தால் ஐந்து என்றே வரும். சம்பளத் தொகை ஆயிரம் டாலர் கணக்கில் இருக்கும். 480 என்றிருந்தால் 4,80,000 டாலர். ஊழியர் எண்ணிக்கை மார்ச் 12-ஆம் தேதி அடங்கும் சம்பளக் காலத்தை வைத்து எடுக்கப்பட்டது. கோடையில் சூடுபிடிக்கும் தொழில்களுக்கு அது குறைவாகத் தெரியும். நான்காவது, தரவு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பின்தங்கியிருக்கும். மூன்றுக்கும் குறைவான கடைகள் உள்ள இடத்துக்கு அட்டவணையில் வரிசையே இருக்காது. வரிசை இல்லை என்றால் போட்டியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஊழியரே வைக்காமல் தனியாளாகத் தொழில் செய்பவர்கள் இந்த அட்டவணையில் வர மாட்டார்கள். அவர்களுக்கு 'நான்எம்ப்ளாயர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்று தனி அட்டவணை உண்டு. வீட்டிலிருந்து கேட்டரிங் செய்பவர்கள் நம் ஆட்களில் நிறைய இருப்பதால், கேட்டரிங் தொடங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வருமானத்தை வரிக் கணக்கில் காட்டியவர்கள் மட்டுமே இதில் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனைத் தொகை வேண்டுமென்றால் எக்கனாமிக் சென்சஸ். 2 அல்லது 7-இல் முடியும் ஆண்டுகளுக்காக ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுவது. 2022-ஆம் ஆண்டுக்கான முடிவுகள் 2024 முதல் பகுதி பகுதியாக வெளியாயின. ஒரு கவுன்டியில் 722511-இன் மொத்த விற்பனையைக் கடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கடையின் சராசரி விற்பனை வரும். வங்கிக்குக் கொடுக்கும் தொழில் திட்டத்தில் உங்கள் விற்பனை மதிப்பீட்டுக்கு இதைவிட வலுவான ஆதாரம் நான் பார்த்ததில்லை. அட்டவணையில் 'டி' என்ற எழுத்து இருந்தால், ஒரு தனி நிறுவனத்தின் கணக்கு வெளிப்பட்டுவிடும் என்பதால் மறைத்திருக்கிறார்கள். அப்போது பக்கத்துக் கவுன்டியையும் சேர்த்தோ நான்கு இலக்க நெய்க்ஸ் எண்ணிலோ பாருங்கள்.

இன்னும் புதிய தரவு வேண்டுமா? பி.எல்.எஸ். எனப்படும் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் கியூ.சி.இ.டபிள்யூ. அட்டவணையைத் திறந்து பாருங்கள். வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து எடுப்பதால் நாட்டின் 95 சதவீதத்துக்கும் மேலான வேலைகள் அதில் அடங்கும். காலாண்டுதோறும் கவுன்டி அளவில் வருகிறது. காலாண்டு முடிந்து ஐந்தாறு மாதத்தில் கையில் கிடைத்துவிடும். கடைகளின் எண்ணிக்கை கடந்த எட்டுக் காலாண்டுகளில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஒரு வரிசையாகப் போட்டுப் பார்த்தால் வட்டாரத்தின் போக்கு தெரிந்துவிடும்.

அதே அலுவலகம் புதிய தொழில்கள் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன என்பதையும் வெளியிடுகிறது. நாட்டளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்தாண்டுக்குள் பாதி போய்விடுகின்றன. சேமிப்பு முழுவதையும் போடும் முன் வீட்டில் உள்ளவர்களுக்கும் இந்த அட்டவணையைக் காட்டுங்கள்.

4. சமையல்காரருக்கு என்ன சம்பளம்?

பி.எல்.எஸ். தளத்தில் ஓ.இ.டபிள்யூ.எஸ். என்ற பகுதியில் ஒவ்வொரு வேலைக்கும் பெருநகரப் பகுதிவாரியாக மணிக்கூலி இருக்கிறது. உணவகச் சமையல்காரரின் குறியீடு 35-2014, பரிமாறுபவருடையது 35-3031. சராசரியைப் பார்க்காதீர்கள், நடுமதிப்பையும் 75-ஆம் சதமானத்தையும் (நூற்றில் 75 பேரின் கூலி அதற்குள் அடங்கும்) பாருங்கள். நல்ல தோசை மாஸ்டர் நடுமதிப்புக்குக் கிடைக்க மாட்டார்.

இந்த மணிக்கூலியில் டிப்ஸ் சேர்ந்திருக்கிறது, ஓவர்டைம் சேரவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் கணக்குப் போட்டால் பரிமாறுபவரின் செலவு கூடுதலாகவும் சமையலறைச் செலவு குறைவாகவும் வரும். இதற்கு மேல் முதலாளியின் பங்காக சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிக்கேருக்கு 1.45 சதவீதம் கட்ட வேண்டும். டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி ஃபெடரல் அளவான 7.25 டாலர்தான் என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். ஆனால் டாலஸ் பக்கத்தில் அந்தக் கூலிக்கு ஆள் வருவார்களா என்பதற்கு மேலே சொன்ன அட்டவணையே பதில் சொல்லும்.

5. வாடகை ஒப்பந்தமும் விலைவாசிக் குறியீடும்

கடை வாடகை ஒப்பந்தங்களில் 'ஆண்டுதோறும் சி.பி.ஐ. அளவுக்கு வாடகை உயரும்' என்ற வரி அடிக்கடி வரும். சி.பி.ஐ. எனப்படும் நுகர்வோர் விலைவாசிக் குறியீடு ஒற்றை எண்ணன்று. நாடு முழுவதற்கும் ஒன்று, டாலஸ் வட்டாரத்துக்கு ஒன்று. பருவ மாற்றம் நீக்கியது ஒன்று, நீக்காதது ஒன்று. ஒப்பந்தங்களுக்குப் பருவ மாற்றம் நீக்காததையே பயன்படுத்தும்படி பி.எல்.எஸ். பரிந்துரைக்கிறது, ஏனென்றால் நீக்கிய எண்களைப் பின்னால் திருத்துவார்கள். சிறிய வட்டாரங்களின் குறியீடு அதிகமாக ஏறி இறங்கும் என்பதால், நாட்டு அளவிலான குறியீடு பாதுகாப்பானது. டாலஸ் குறியீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது.

குறியீட்டுப் புள்ளியும் சதவீதமும் வேறு வேறு. 300-லிருந்து 309-க்குப் போனால் ஒன்பது புள்ளி உயர்வு, சதவீதமாக மூன்றுதான். ஒப்பந்தத்தில் 'புள்ளி' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் மாற்றச் சொல்லுங்கள்.

குறியீடு வெளியாகாமல் போனால் என்ன செய்வது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இது வெறும் கற்பனை ஆபத்து இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை ஃபெடரல் அரசு முடங்கியதில், அந்த அக்டோபர் மாதத்துக்கான சி.பி.ஐ. வெளியாகவே இல்லை. உங்கள் ஒப்பந்தம் அக்டோபர் எண்ணைச் சுட்டியிருந்தால் வாடகையை எதைக்கொண்டு கணக்கிடுவது?

குறியீடுகள் வெளியாகும் தேதிகள் பி.எல்.எஸ். தளத்தில் முன்கூட்டியே இருக்கும். வெளியாவது கிழக்கு நேரப்படி காலை 8.30. நீண்ட கால வரைபடம் வேண்டுமானால் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஃபிரெட் தளம் வசதியானது. பல அலுவலகங்களின் வரிசைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம், தரவிறக்கலாம். கவுன்டியின் மொத்த உற்பத்தி, தனிநபர் வருமானம் போன்றவை பி.இ.ஏ. எனப்படும் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகத்தில் கிடைக்கும். சிறிய கடைக்கு அதில் பெரிதாக வேலை இல்லை.

6. மற்றவர்களின் கணக்கைப் பார்ப்பது

இந்தியாவில் எந்தக் கம்பெனியின் விவரத்தையும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துப் பழகியவர்கள், இங்கேயும் அப்படி ஒன்றைத் தேடி ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் தனியார் கம்பெனிகளுக்குப் பொதுமக்கள் பார்க்கும்படியான ஃபெடரல் பதிவேடு கிடையாது. பதிவு மாநில அரசிடம். டெக்சாஸில் கம்ப்ட்ரோலர் அலுவலகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். மாநிலச் செயலாளரின் தளத்தில் ஒரு தேடலுக்கு ஒரு டாலர்.

பெரும்பாலும் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளே எஸ்.இ.சி. எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் கணக்குக் கொடுக்கின்றன. எட்கர் என்ற அதன் தளம் முழுக்க இலவசம். சிபோட்லே போன்ற ஓர் உணவகக் கம்பெனியின் 10-கே என்ற ஆண்டறிக்கையைத் திறந்து, வருவாயில் உணவுப்பொருளுக்கு எத்தனை சதவீதம், சம்பளத்துக்கு எத்தனை, வாடகைக்கு எத்தனை என்று பாருங்கள். பெரிய கம்பெனிக்கே அந்த விகிதம் என்றால் உங்கள் கணக்கில் உணவுச் செலவு அதைவிடக் குறைவாக இருக்கும் என்று எழுதுவது எவ்வளவு சரி என்று யோசிக்கலாம். எட்கரில் இன்னும் பழைய எஸ்.ஐ.சி. குறியீடுதான் உண்டு, நெய்க்ஸ் எண்ணை அங்கே தேடாதீர்கள்.

ஃபிரான்சைஸ் வாங்குவதாக இருந்தால் எஃப்.டி.டி. என்ற வெளிப்படுத்தல் ஆவணம் உங்களுக்கு உரிமையாக வர வேண்டியது. எஃப்.டி.சி. எனப்படும் ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, கையெழுத்துக்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பே அதைக் கொடுத்துவிட வேண்டும். மொத்தத்தையும் படிக்க நேரமில்லை என்றால் பிரிவு 3 வழக்குகளை, 7 முதலீட்டை, 19 வருமானத்தை, 20 எத்தனை கிளைகள் மூடப்பட்டன என்பதைச் சொல்லும். பிரிவு 19 காலியாக இருந்தால், வருமானம் பற்றி விற்பனையாளர் வாயால் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம். எஃப்.டி.சி. இந்த ஆவணங்களைச் சேகரித்து வெளியிடுவதில்லை; கலிஃபோர்னியா, மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களின் தளங்களில் பல ஃபிரான்சைஸ்களின் ஆவணங்களைத் தேடலாம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய, பலருக்கும் தெரியாத ஒரு கோப்பு இருக்கிறது. சிறுதொழில் நிர்வாகமான எஸ்.பி.ஏ., தான் உத்தரவாதம் கொடுத்த 7(ஏ) கடன்கள் அனைத்தையும் பட்டியலாக வெளியிடுகிறது. அதில் ஃபிரான்சைஸ் பெயர், நெய்க்ஸ் எண், கடன் முழுதாக அடைந்ததா, வாராக்கடன் ஆனதா என்பதெல்லாம் உண்டு. எக்செலில் உங்கள் ஃபிரான்சைஸின் பெயரை வடிகட்டிப் பாருங்கள். எத்தனை பேர் கடனை அடைக்க முடியாமல் போனார்கள் என்பது வரிசையாகத் தெரியும்.

நடக்கும் கடையை விலைக்கு வாங்குபவர்கள், விற்பவர் மேல் ஃபெடரல் வழக்கோ திவால் மனுவோ இருக்கிறதா என்று பேசர் எனப்படும் ஃபெடரல் நீதிமன்ற ஆவணத் தளத்தில் தேட வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். காலாண்டில் 30 டாலருக்குள் முடித்துக்கொண்டால் கட்டணமே இல்லை. தேடல் முடிவுப் பக்கங்களுக்கும் கட்டணம் உண்டு என்பதால், பெயரைச் சரியாக எழுதி, மாநிலத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

7. ஊரிலிருந்து சரக்கு வரவழைப்பவர்களுக்கு

இறக்குமதி வரி விகிதம் ஐ.டி.சி. எனப்படும் சர்வதேச வர்த்தக ஆணையத்தின் எச்.டி.எஸ். என்ற சுங்க வரி அட்டவணைத் தளத்தில். இந்தியாவில் இருக்கும் ஏற்றுமதியாளர் தரும் எட்டு இலக்கச் சரக்குக் குறியீட்டு எண்ணை அப்படியே போடாதீர்கள். முதல் ஆறு இலக்கம்தான் உலகத்துக்குப் பொது. பத்து இலக்க அமெரிக்க எண்ணில் மீதி நான்கும் அமெரிக்காவுக்கே உரியவை. அடிப்படை விகிதத்தைப் பார்த்து முடித்துவிடவும் கூடாது. கூடுதல் வரிகள் அத்தியாயம் 99-இல் இருக்கின்றன. 2025 முதல் அவை அடிக்கடி மாறுவதால், சரக்கு கப்பலேறும் வாரத்தில் மறுபடி பாருங்கள். எந்த எண் என்று குழப்பமாக இருந்தால், சுங்கத்துறையின் கிராஸ் தளத்தில் உங்கள் பொருளைப் போன்றவற்றுக்கு முன்பு கொடுத்த தீர்ப்புகள் இருக்கின்றன.

உணவுப்பொருள் என்றால் எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு, மருந்து நிர்வாகத்தின் இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியலில் உங்கள் சப்ளையர் பெயர் இருக்கிறதா என்று முன்பணம் அனுப்பும் முன்பே தேடுங்கள். பெயர் இருந்தால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடலாம். சப்ளையரின் தொழிற்கூடம் எஃப்.டி.ஏ.யில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. எஃப்.டி.ஏ. சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

8. பெயரும் வரி எண்ணும்

பெயர்ப் பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் யு.எஸ்.பி.டி.ஓ. எனப்படும் காப்புரிமை, வர்த்தக முத்திரை அலுவலகத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள், தேடல் இலவசம். எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் மோதும் என்பதால், தமிழ்ப் பெயர்களை நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள். உணவக சேவை வகுப்பு 43-இல் வரும். மாவு, மசாலா போன்றவை வகுப்பு 30. பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிய மனுப் போட்டால், 2025 ஜனவரி 18 முதல் அடிப்படைக் கட்டணம் வகுப்புக்கு 350 டாலர். பொருள் விவரத்தை அவர்களுடைய பட்டியலிலிருந்து எடுக்காமல் சொந்த வார்த்தையில் எழுதினால் வகுப்புக்கு இன்னும் 200 டாலர். மனு நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்பாது. முதல் பதில் வரவே பல மாதங்கள் ஆகும். மனுப் போட்ட பிறகு, அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் கட்டணம் கேட்டுத் தபால்கள் வரும். உங்கள் மனுவின் நிலையைத் தளத்தில் பார்க்காமல் எதற்கும் பணம் அனுப்பாதீர்கள்.

இ.ஐ.என். எனப்படும் தொழிலுக்கான வரி எண்ணை ஐ.ஆர்.எஸ். எனப்படும் ஃபெடரல் வரித்துறையின் தளத்தில் சில நிமிடங்களில் இலவசமாக வாங்கலாம். அதற்கு முன் மாநிலத்தில் கம்பெனியைப் பதிந்திருக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ ஐ.டி.ஐ.என். என்ற தனிநபர் வரி எண்ணோ இல்லாதவர்கள் எஸ்.எஸ்-4 படிவத்தை ஃபேக்ஸிலோ தபாலிலோ அனுப்ப வேண்டும். ஃபேக்ஸில் சில நாள், தபாலில் சில வாரம். எண்ணோடு வரும் சிபி 575 கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். வங்கி கேட்கும், அடுத்த படியிலும் தேவைப்படும். தொலைந்தால் அதே கடிதம் மறுபடி வராது, ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தொலைபேசியில் பேசி 147சி என்ற கடிதம் கேட்க வேண்டும்.

9. அரசுக்கே விற்கலாமா?

கேட்டரிங், துப்புரவு, மென்பொருள் என்று அரசு எல்லாவற்றையும் வாங்குகிறது. முதலில் அரசின் செலவுகளைக் காட்டும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில் உங்கள் நெய்க்ஸ் எண்ணையும் ஊரையும் போட்டு, எந்த அலுவலகம், யாரிடம், எவ்வளவுக்கு வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். வென்றவரின் தொகை டாலர் வரை தெரியும். ராணுவத் துறை ஒப்பந்தங்கள் மட்டும் 90 நாள் தாமதமாக வெளியாகும். ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. 2026 நிதியாண்டு என்றால் 2025 அக்டோபரிலிருந்து.

பிறகு அரசுக்கு விற்பவர்கள் பதியும் சாம் டாட் கவ் தளத்தில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. இங்கே சிக்கல் முழுவதும் பெயர், முகவரிப் பொருத்தத்தில். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஐ.ஆர்.எஸ். கடிதம், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி, கமாவும் 'எல்.எல்.சி.'யும் உட்பட, இருக்க வேண்டும். தபால் பெட்டி முகவரி செல்லாது. பதிவுச் சான்றிதழ், அண்மைய மின்சார பில் அல்லது வங்கி அறிக்கை, ரவுட்டிங் எண் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். புதிதாக வாங்கிய இ.ஐ.என். அரசின் கணினிகளில் பரவச் சில வாரம் பிடிக்கும் என்பதால், வாங்கிய மறுநாளே பதிய முயன்றால் நிராகரிக்கப்படும். எல்லாம் பொருந்தினாலும் பதிவு செயலுக்கு வரப் பத்து வேலை நாள் வரை ஆகலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பதிந்த சில நாளிலேயே தொலைபேசி அழைப்புகளும் மின்னஞ்சல்களும் குவியும். 'உங்கள் பதிவு காலாவதியாகிறது, இத்தனை டாலர் கட்டுங்கள்' என்பார்கள். அவர்கள் யாரும் அரசு இல்லை. உங்கள் விவரம் பொதுவில் இருப்பதால் எடுத்துப் பேசுகிறார்கள். அதேபோல் தொழில் தொடங்க ஃபெடரல் மானியம் வாங்கித் தருகிறோம் என்பவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தொழில் தொடங்குவதற்கு எஸ்.பி.ஏ. மானியம் கொடுப்பதில்லை.

10. தளத்தில் கிடைக்காதவை

ஓர் ஒப்பந்தத்தின் நகல், ஆய்வு அறிக்கை போன்றவை வெளியிடப்படாமல் இருந்தால் ஃபோயா எனப்படும் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அந்தந்த அலுவலகத்துக்கே மனுப் போட வேண்டும். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். வணிக நோக்கத்துக்காகக் கேட்பவர்களிடம் தேடுவதற்கும் பரிசீலிப்பதற்கும் நகலுக்கும் கட்டணம் வாங்குவார்கள். ஆகவே மனுவிலேயே 'கட்டணம் 25 டாலரைத் தாண்டினால் என்னைக் கேட்ட பிறகே தொடரவும்' என்று எழுதிவிடுங்கள். 'இந்த நிறுவனம் பற்றிய எல்லா ஆவணங்களும்' என்று கேட்காதீர்கள். ஒப்பந்த எண்ணும் தேதியும் குறிப்பிட்டுக் கேட்டால் சீக்கிரம் வரும்.

அதற்கும் முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் ஃபெடரல் ஆவணக் காப்பு நூலகங்களாக இருக்கின்றன. பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகங்கள். அங்கே மாணவராக இல்லாத பொதுமக்களும் அரசு ஆவணங்களை இலவசமாகப் பார்க்கலாம். அரசு ஆவணங்களுக்கென்றே இருக்கும் நூலகரிடம் நெய்க்ஸ் எண்ணையும் கவுன்டி பெயரையும் சொன்னால், எந்த அட்டவணை, எந்த ஆண்டு என்று காட்டிக் கொடுத்துவிடுவார்.

எடுத்த எண்களை வைத்துத் தொழில் திட்டம் எழுத எஸ்.பி.டி.சி. எனப்படும் சிறுதொழில் மேம்பாட்டு மையங்கள் உதவுகின்றன. எஸ்.பி.ஏ. நிதி பெறும் இந்த மையங்களில் ஆலோசனை இலவசம். நேரம் முன்பதிவு செய்து போகும்போது நெய்க்ஸ் எண், கவுன்டி கடைகள் அட்டவணை, எக்கனாமிக் சென்சஸ் சராசரி விற்பனை, சம்பள அட்டவணை, வாடகை ஒப்பந்தத்தின் வரைவு ஆகியவற்றை அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் தரவு எந்த ஆண்டுக்கு உரியது, நீங்கள் எந்தத் தேதியில் தரவிறக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். வங்கி அதிகாரி முதலில் கேட்பது அந்த ஆண்டைத்தான்.